அருஷாவில் ஓர் இரவு போதுமா?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி எழுதிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோவையிலிருந்து ஐந்து பேர் குடும்பமாகத் தான்சானியாவுக்குக் கிளம்புகிறார்கள்: கணவன், மனைவி, 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், 70 வயது மாமியார். மாமியாருக்கு மூட்டுவலி; சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பள்ளி விடுமுறையை ஒட்டி மே முதல் வாரம் என்று எண்ணம். ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி இரவு கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, அருஷாவில் தூங்கி, மறுநாள் காலை 7 மணிக்கே ஜீப். "அருஷாவில் பார்க்க ஒன்றுமில்லை, அங்கே ஒரு நாளை வீணாக்காதீர்கள்" என்கிறாராம். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. அருஷாவில் ஒன்பது வருடம் குடியிருந்து, ஊரிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களை ஜீப் ஏற்றி அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். சஃபாரிக்கு முன்னால் இரண்டு இரவு, முடித்துத் திரும்பிய பிறகு அரை நாள். இதற்காகச் சஃபாரியில் ஒரு நாளைக் குறைக்க வேண்டி வந்தாலும் தயங்காமல் குறைத்துவிடுங்கள்.

முதல் வருடம் என் தங்கை குடும்பம் வந்தபோது எனக்கு இது தெரியாது. நள்ளிரவு தாண்டித்தான் படுத்தார்கள். விடிந்ததும் நானே எழுப்பி, அவசர அவசரமாக ஜீப்பில் ஏற்றினேன். அருஷாவிலிருந்து ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குப் போகும் வழியில், ம்டோ வா ம்பு என்ற ஊரைத் தாண்டியதும் சாலை பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் சுவர்மேல் வளைந்து வளைந்து ஏறும். கீழே மன்யாரா ஏரி தகடு போலத் தெரியும். எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கும் இடம் அது. எங்கள் ஜீப் நின்றது படம் எடுக்க இல்லை, ஆறு வயதுப் பாப்பாவின் வாந்திக்கு. மறுநாள் பள்ளத்துக்குள் சிங்கங்கள் சாலை ஓரத்திலேயே படுத்திருக்கின்றன, குழந்தை என் தங்கை மடியில் அசந்து தூங்குகிறாள். கண் விழித்தபோது சிங்கம் எழுந்து போய்விட்டது. "மாமா, என்னை ஏன் எழுப்பலை?" என்று திரும்பி வந்ததும் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். முதலில் மாதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே வரை அங்கே மசிக்கா, அதாவது பெருமழைக் காலம். நம் கோடை விடுமுறையும் அதுவும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. மழையைவிடத் தொல்லை மண். தரங்கிரே, செரெங்கெட்டி பூங்காக்கள் பக்கம் பல இடங்களில் நம் கோவில்பட்டிச் சீமை போலக் கரிசல்தான். நனைந்தால் சக்கரத்தை விடாது. சில முகாம்கள் அந்த மாதங்களில் மூடியும் கிடக்கும். விலை குறைவு, கூட்டம் இல்லை, எங்கும் பச்சை என்பதெல்லாம் உண்மை. இளவட்டங்கள் போனால் அனுபவிப்பார்கள். மூட்டுவலியோடு ஒரு பெரியவர், கூடவே ஐந்து வயதுக் குழந்தை என்றால் நான் அனுப்ப மாட்டேன். காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசி, அதோடு நாலைந்து நாள் லீவு சேர்த்துப் போங்கள். அது வறண்ட காலத்தின் கடைசிப் பகுதி. தரங்கிரேயில் மற்ற நீர்நிலைகள் வற்றி யானைக்கூட்டங்கள் ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும், நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறையும் ஆகும், ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை எகிறிவிடும். வூலி என்கிற சின்ன மழையும் எப்போது முழுசாக விடும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத் தேர்வு முழுக்க இதில்தான் இருக்கிறது. அருஷா மேரு மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. (புராணத்து மேருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே வாழும் வாமேரு மக்களின் பெயர் அது.) கிளிமஞ்சாரோ விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே 50 கிலோமீட்டர் அளவில். தரங்கிரே, மன்யாரா, ங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி எல்லாம் மேற்கே. நடுவில் ஊரும் அதன் போக்குவரத்து நெரிசலும். அதனால் வந்து இறங்கும் இரவு ஊருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடையில் உசா ரிவர், தெங்கெரு என்று இரண்டு இடங்கள் உண்டு. வாழைத்தோப்பும் காப்பித் தோட்டமுமாக இருக்கும் அந்தப் பக்கத்தில், தோட்டத்தோடு கூடிய, குடும்ப அறை உள்ள சிறிய விடுதிகள் நிறைய. அசந்து வரும் குழந்தைகளுக்குச் சீக்கிரமே படுக்கை கிடைக்கும். சஃபாரி முடிந்து வரும் கடைசி நாளில் மட்டும் ஊரின் மேற்குப் பக்கமாகவோ ஊருக்குள்ளேயோ இறங்கிக்கொள்ளலாம். அறை பதியும்போது தரைத்தளம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பல விடுதிகளில் அறைகள் சரிவில் தனித்தனிக் குடில்களாக இருக்கும், மாமியாருக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் படியேற்றம் ஆகிவிடும்.

முதல் முழு நாளில் என்ன செய்வது? காலையில் எதுவும் வேண்டாம், எழுந்தபோது எழட்டும். நமக்கும் அங்கேக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் என்றாலும், விமானம் மாறி ராத்தூக்கம் கெட்டு வந்த குழந்தையை அது ஒரு நாள் ஆட்டத்தான் செய்யும். பத்து மணிக்கு மேல் அருஷா தேசியப் பூங்காவுக்குப் போங்கள். உசா ரிவர் பக்கமிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. 1960-இல் தொடங்கிய சின்னப் பூங்கா இது. பெரிய பூங்காக்களின் பெயருக்கு முன்னால் யாரும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கோ மிகவும் பிடித்த இடம். நுழைந்ததுமே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் காட்டெருமைகளும். அப்புறம் காடு. அங்கேதான் ம்பேகா என்கிற கருப்பு வெள்ளைக் குரங்குகள், கொலோபஸ். முதுகிலிருந்து வெள்ளை மயிர் சால்வை போலத் தொங்க, கிளைக்குக் கிளை தாவும்போது அந்தச் சால்வை விரிந்து பறக்கும். அதன் கையில் கட்டைவிரல் இல்லை என்று பையனிடம் சொல்லிவையுங்கள், பைனாகுலரில் கையையே தேடிக்கொண்டிருப்பான். மேலே மொமெல்லா ஏரிகள், உவர்நீர். ஒவ்வொன்றிலும் வளரும் பாசி வேறு, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பூநாரைகள் வந்திருந்தால் கரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே கிளிமஞ்சாரோவின் பனித்தலை தெரியும், காலையிலோ அந்தியிலோ வாய்ப்பு அதிகம். சிங்கம் கிடையாது. அதை எதிர்பார்க்க வேண்டாம் என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்தப் பூங்காவுக்கு உங்களை அனுப்புவதன் உண்மையான காரணம் வேறு. இது ஒத்திகை. சஃபாரிக்கு வரப்போகிற அதே ஜீப்பையும் ஓட்டுநரையும் அன்றே வரச்சொல்லுங்கள், ஏஜென்ட் ஒத்துக்கொள்வார். சஃபாரி லேண்ட் குரூசரின் படி நம் டவுன் பஸ் படியைவிட உயரம். மாமியார் எப்படி ஏறுகிறார், எந்த இருக்கையில் அவர் முட்டி மடக்காமல் உட்கார முடிகிறது, குழந்தைக்கு எந்த இடத்தில் தலை சுற்றவில்லை என்பதெல்லாம் நாலு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூரையைத் தூக்கிவிட்டால் நின்று பார்ப்பார்கள், ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த விளிம்பு எட்டாது. இருக்கைமேல்தான் நிற்பாள், அதற்குச் செருப்பைக் கழற்றும் பழக்கம் முதல் நாளிலேயே வரட்டும். இன்னொன்று, கழிப்பறை. பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, வாயிலிலும் குறிப்பிட்ட ஓய்விடங்களிலும்தான். இதையும் அன்றே பழகிக்கொண்டால், மறுநாள் தரங்கிரே நடுவில் அழுகை இல்லை.

பூங்காக் கட்டணம் தனி என்பதால் செலவைக் கூட்ட விரும்பாவிட்டால், தெங்கெருவுக்குப் பக்கத்தில் டுலுட்டி ஏரி இருக்கிறது. எரிமலை வாயில் நிறைந்த நீர், சுற்றிலும் அடர்ந்த மரங்கள், கரையோரமாக நடைபாதை. மாமியார் நிழலில் உட்கார்ந்திருக்கலாம், பையன் படகில் போய்வரலாம். புதன் அல்லது சனி என்றால் தெங்கெரு சந்தையையும் பாருங்கள். வாழைத்தார் மலையாகக் குவிந்திருக்கும். மூன்று நான்கு ரகம் நமக்கே புதிதாக இருக்கும், ஏனென்றால் அந்த மலையடிவாரத்தில் வாழைக்காய்தான் சோறு. செம்கா வெந்நீர் ஊற்றைப் பலர் சொல்வார்கள். நீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அத்திமர வேர்கள் நீருக்குள் இறங்கியிருக்கும், அழகுதான். ஆனால் ஆழம் அதிகம், வேர்கள் வழுக்கும், கடைசித் துண்டு மண்சாலை குலுக்கி எடுக்கும். உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு இல்லை. அருஷாவில் மூன்று நான்கு தலைமுறையாகக் குஜராத்திகள் இருக்கிறார்கள். கோயில் உண்டு, சைவ உணவகம் உண்டு, பருப்பும் மசாலாவும் விற்கும் மளிகைக் கடைகள் உண்டு. உள்ளூர்ச் சாப்பாட்டிலேயே மாமியாருக்கு ஏற்றது நிறைய. வாலி நா மஹராகே என்றால் சோறும் பயறும். தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்த சிவப்புப் பயறு நம் வீட்டுக் குழம்பு போலவே தொண்டையில் இறங்கும். ம்சிச்சா என்பது கீரை, நம் தண்டுக்கீரைக்கு அக்காள் தங்கை. அங்கத்திய சப்பாத்தி வடக்கத்திச் சப்பாத்தி இல்லை. எண்ணெய் தடவிச் சுருட்டி மறுபடி தேய்த்து, கல்லில் போடுவார்கள், பிய்த்தால் ஏடு ஏடாக வரும். எங்கள் தெருமுனைக் கடைக்காரம்மா சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற என் அம்மா, "இவங்க யார்கிட்ட பரோட்டா கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார். இன்னொரு முக்கியமான சொல்: ம்திந்தி. கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் புளித்த பால், தயிருக்கும் மோருக்கும் இடைப்பட்டது. விடுதிச் சோற்றில் ஊற்றி உப்புப் போட்டுப் பிசைந்தால் குழந்தைகளின் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் நாலு பாக்கெட் வாங்கி ஜீப்பின் குளிர்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் கோழிச்சாறு ஊற்றிய சூப்பும் சைவம் என்று விடுதிகளில் நினைத்துவிடுவது உண்டு. "சிலி ஞாமா, சமாகி, வாலா மாயாய்" என்ற வரியை மாமியாருக்கே மனப்பாடம் செய்துகொடுங்கள்: நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன். அவர் வாயிலிருந்து வந்தால் சமையல்காரரே வெளியே வந்து பேசுவார். மதியம் தரும் கட்டுச்சாத டப்பாவில் அவித்த முட்டையும் கோழித்துண்டும் வழக்கமாக இருக்கும், அதையும் முந்தின இரவே சொல்லிவையுங்கள். சுவாஹிலியில் வயலில் நிற்கும் நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்செலே, சோற்றுக்கு வாலி. நம்மைப் போலவே மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கும் மக்கள், சோறு கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

ஊரிலிருந்து பொடி வகைகள் எடுத்துப் போவீர்கள், எடுத்துப் போங்கள். ஆனால் பாலிதீன் கவரில் கட்டாதீர்கள். 2019 ஜூன் 1 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டப்பா, துணிப்பை போதும். பெட்டியும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பையாக இருந்தால்தான் ஜீப்பின் பின்புறம் அடங்கும். கருப்பு, கருநீல உடைகளைத் தவிருங்கள், தரங்கிரே பக்கம் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். ங்கோரோங்கோரோ விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், இரவு ஊட்டி மாதிரி நடுங்கும்.

காகித வேலைகளில் ஒன்றே ஒன்று பலரைக் கவிழ்க்கிறது: மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் தான்சானியா இதைக் கேட்பதில்லை. அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் கேட்கும். திரும்பும்போது இந்தியாவும் எத்தியோப்பியா, கென்யா வழியாக வருபவர்களிடம் கேட்கும், இல்லையென்றால் தனிமையில் வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதனால் தோஹா வழி டிக்கெட் எடுத்தால் நிம்மதி. ஆப்பிரிக்க ஊர்கள் வழியாகத்தான் என்றால் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாகவே ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம். மாமியாருக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். மலேரியா மாத்திரையும் அப்படித்தான், குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். ஊர் திரும்பிய பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வைரல்தான் என்று விடாமல், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஈ-விசா இந்தியர்களுக்கு 50 டாலர், குழந்தைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டாலர் கொண்டுபோனால் புது நோட்டாக இருக்கட்டும், 2006-க்கு முன் அச்சானதை வாங்க மாட்டார்கள்.

நேரம் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. சுவாஹிலிக் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது. காலை 7 மணி அவர்களுக்கு சா மோஜா, அதாவது ஒன்று. எட்டு மணி, சா ம்பிலி, இரண்டு. சூரியன் எழுந்ததிலிருந்து நாழிகை எண்ணிய நம் தாத்தாக்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். சஃபாரி ஓட்டுநர்கள் ஆங்கிலக் கணக்கில்தான் பேசுவார்கள். உள்ளூர் டாக்சிக்காரரோ பஜாஜிக்காரரோ "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றால் ஒருமுறை விரல்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம், ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜிதான். சாலையில் ஓசூர் டிவிஎஸ் வண்டிகளைப் பார்த்துப் பையன் கத்துவான். பகலில் குறைந்த தூரத்துக்குப் பஜாஜி சரி, இரவில் விடுதி ஏற்பாடு செய்யும் கார் மட்டும். மணிக்கூண்டுப் பக்கம் நடக்கும்போது சஃபாரி, ஓவியம், டான்சனைட் ரத்தினக்கல் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே வருவார்கள். "அசாந்தே, ஹபானா" (நன்றி, வேண்டாம்) என்று சிரித்தபடி நடந்துகொண்டே இருங்கள். நின்றால்தான் தொல்லை. டான்சனைட் உலகத்திலேயே அருஷாவுக்குப் பக்கத்து மெரெரானியில் மட்டும்தான் வெட்டியெடுக்கப்படுகிறது. வாங்க ஆசை என்றால் கடையில் ரசீதோடும் சான்றிதழோடும் வாங்குங்கள், தெருவில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுபவரிடம் வேண்டவே வேண்டாம்.

சஃபாரிக்கு நான் சொல்வது சின்ன வட்டம்தான்: தரங்கிரே ஒரு நாள், பிறகு கராட்டு ஊரில் மூன்று இரவு ஒரே விடுதியில் தங்கி, அங்கிருந்து ங்கோரோங்கோரோ, மன்யாரா. செப்டம்பரில் வில்டபீஸ்ட் என்கிற காட்டுமாட்டுக் கூட்டம் செரெங்கெட்டியின் வடகோடியில் இருக்கும். அங்கே தரைவழியாகப் போய் வர இரண்டு நாள் ஜீப்பிலேயே கழியும். இந்த வயதுக் குழந்தைகளோடு அதை விட்டுவிடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. ங்கோரோங்கோரோ அனுமதி நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குத்தான், ஓட்டுநர் அவசரப்படுத்தினால் காரணம் அதுதான்.

கடைசி அரை நாளுக்கு அருஷாவில் ஒரு அறையைப் பகலுக்கு மட்டும் எடுங்கள். ஐந்து நாள் செம்மண் தலைமுடிக்குள் ஏறியிருக்கும், குளிக்காமல் விமானம் ஏற முடியாது. ஷாங்காவுக்கும் போய்வாருங்கள். உடைந்த பாட்டில்களை உருக்கி மணியும் டம்ளரும் செய்யும் பட்டறை, காது கேளாதவர்களும் கால் முடியாதவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். ஊதுகுழலின் நுனியில் கண்ணாடிக் குழம்பு ஆரஞ்சாகத் தொங்கி, ஊத ஊதக் குடம் போலப் புடைத்து, மெல்ல மெல்லப் பச்சையாகக் குளிரும். குழந்தைகளைக் கிளப்புவதுதான் கஷ்டம். ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க கங்கா துணி வாங்குங்கள். நாலு பக்கமும் கரை போட்டு, கீழே சுவாஹிலியில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். எந்த வரி யாருக்குப் பொருந்தும் என்று கடைக்காரம்மாவிடமே பொருள் கேட்டு எடுங்கள். சிலதில் பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்டும் வாசகம் இருக்கும்.

இன்னும் இரண்டே விஷயம். ஏஜென்ட்டுக்கு எழுதும்போது ஜீப்பில் ஏற ஒரு சின்ன முக்காலி வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். எல்லோரிடமும் இருக்கும், கேட்டால்தான் வண்டியில் ஏறும். அப்புறம், பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று சொல்லக் குழந்தைகளைப் பழக்குங்கள். சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. "மரஹபா" என்று பதில் வரும், கூடவே தலையில் ஒரு கை வைப்பார்கள். உங்கள் மாமியாருக்கு அங்கே எத்தனை பேர் ஷிகமோ சொல்லப் போகிறார்கள் என்று எண்ணும் வேலையைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.